கணக்குக் காட்டாதவனும் அவன் மச்சினனும்

உத்திரமேரூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது குடவோலை. காஞ்சிபுரத்திலிருந்து 30 கிலோமீட்டர் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருக்கின்றன அந்தக் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலம். ஒன்று 919, இன்னொன்று 921. பள்ளிப் பாடத்தில் உண்டு, போட்டித் தேர்வில் உண்டு, பட்டிமன்றத்தில் கட்டாயம் உண்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் சொன்னார். எல்லாரும் பானைக்குள் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவனைப் பற்றியே பேசுகிறார்கள். அதே சுவரில் வேறு இரண்டு விதிகளும் இருக்கின்றன. அவற்றைப் பேச ஆரம்பித்தால் மேடையில் பாதிப் பேர் எழுந்து போகவேண்டியிருக்கும்.

முதல் விதி: ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவன் பெயரை மட்டுமல்ல, அவன் அப்பன், பிள்ளை, தம்பி, தாய்மாமன், அத்தை மகன், மாமனார், மச்சினன், மகளைக் கட்டிய மருமகன் என்று ஒரு பட்டியலே போட்டு, அத்தனை பேர் பெயரையும் போடக் கூடாது. பினாமி என்ற சொல் வருவதற்கு முன்பே பினாமிக்குப் போட்ட பூட்டு இது.

இரண்டாவது விதி கணக்கனைப் பற்றியது. ஒருவன் எழுதிய கணக்கை அவனேதான் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக இன்னொரு கணக்கன் வந்து அந்தக் கணக்கை முடித்துவைக்கக் கூடாது. பெரியவர்கள் பார்த்து, நேர்மையானவன் என்று சொல்லும்வரை அவனுக்கு மறுபடி அந்தப் பதவி கிடையாது.

ஓலை எடுக்கும் முறையைக்கூட இந்தக் கண்ணோடு பாருங்கள். சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரித்த கையில் வேறு ஓலையை ஒளித்துவைக்க முடியாது. அவன் படித்த பெயரை மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் வாங்கிப் படிக்க வேண்டும். ஒருத்தன் படித்ததை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அது பிராமணர்களின் ஊர்ச்சபை. நிலமும் வீடும் வேதக்கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமானது. அதை ஜனநாயகம் என்று கூசாமல் சொல்பவர்களோடு எனக்கு வேறொரு சண்டை உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதிலிருந்து ஒன்றே ஒன்று. அதிகாரத்தில் இருப்பவன் தன்னைப் பற்றிய பதிவைத் தானே அழிக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. தங்களைக் கட்டுப்படுத்தும் விதியைத் தங்களாலேயே சுலபமாக மாற்ற முடியாத இடத்தில், கல்லில், எழுதினார்கள்.

"சரி, ஆயிரத்து நூறு வருஷத்துக் கதை இப்ப எதுக்கு?" ஏனென்றால் இன்று ஊர்க்கணக்கு ஓலையிலும் இல்லை, பேரேட்டிலும் இல்லை. சர்வரில் இருக்கிறது. பட்டா, ரேஷன், முதியோர் பென்ஷன், கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே. அந்த சர்வரில் யார் என்ன செய்தார் என்று எழுதிவைக்கும் வேலை எங்கே நடக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று எந்த மேடையிலும் கேள்வி வருவதில்லை. இலக்கியம் படிக்கிற நாமும் கேட்பதில்லை. "அது டெக்னிக்கல் சமாச்சாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். கணக்கு டெக்னிக்கல் சமாச்சாரமாக ஆகிவிட்டது என்பதுதான் இதில் அரசியலே.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். பயமுறுத்தும் விஷயம் ஒன்றுமில்லை.

வரதராஜப் பெருமாள் கோயிலில் பக்தர் யாரும் கருவறைக்குள் போக முடியாது. தட்டை பட்டரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் உள்ளே போய் அர்ச்சனை செய்து கொண்டுவந்து தருவார். கம்ப்யூட்டரில் கெர்னல் என்பது அந்த இடம். உங்கள் பிரவுசரோ, அலுவலகத்தின் பில் போடும் மென்பொருளோ வட்டை நேராகத் தொட முடியாது. கோப்பைத் திற, இதை எழுது, அதை அழி, இந்த நிரலை ஓட்டு என்று கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். ஆகவே யார் என்ன செய்தாலும் ஒரே வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த வாசலில் ஒரு கணக்கப்பிள்ளையை உட்காரவைத்தால், யார் எப்போது என்ன கேட்டார், கிடைத்ததா மறுக்கப்பட்டதா என்று எல்லாவற்றையும் குறித்துவிடலாம். நம் ஊர் சர்வர்களில் பரவலாக ஓடும் லினக்ஸில் இந்தக் கணக்கப்பிள்ளை 2004-லேயே வந்துவிட்டார். ஆடிட் என்றே பெயர். இலவசம். லைசென்ஸ் வாங்க டெண்டர் விட வேண்டியதுகூட இல்லை.

இதை வடிவமைத்தவர்கள் அப்பாவிகள் இல்லை. சர்வரில் சர்வ அதிகாரமும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். ஒருவர் தன் பெயரில் உள்ளே நுழைந்து, பிறகு ரூட்டாக மாறி ஒரு கோப்பை அழித்தால், அழித்தது ரூட் என்று மட்டும் எழுதினால் என்ன பிரயோஜனம்? அதனால் நுழையும்போதே அவர்மேல் ஒரு அடையாள எண்ணைக் குத்திவிடுகிறார்கள். அதன்பின் அவர் எத்தனை வேஷம் மாற்றினாலும் அந்த எண் கூடவே வரும். எழுதியவனே கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்ற உத்திரமேரூர் விதியின் கெர்னல் வடிவம் இது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. எதையெல்லாம் குறிக்க வேண்டும் என்ற விதிகளைப் போட்டுவிட்டு, கடைசியில் பூட்டு என்று ஒரு வரி எழுதினால், மெஷினை ரீபூட் செய்யும்வரை ரூட்டே வந்தாலும் விதியை மாற்ற முடியாது. கல்லில் வெட்டினால் இருக்கும் உறுதி இல்லைதான். ஆனால் ரீபூட் செய்தால் அதுவும் தெரிந்துவிடும்.

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. என் சண்டை அதை வைத்துக்கொண்டு நாம் செய்வதோடு.

முதல் அநியாயம், பொதுச் சாவி. எத்தனையோ அலுவலகங்களில் அட்மின் என்று ஒரே ஒரு கணக்கு இருக்கும். அதன் பாஸ்வேர்ட் மூன்று பேருக்காவது தெரியும். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. கேட்டால், "சார் லீவுல போனா வேலை நிக்கக் கூடாதுல்ல" என்பார்கள். கெர்னல் எவ்வளவு கவனமாக எண் குத்தினாலும், மூன்று பேர் ஒரே பெயரில் நுழைந்தால் அது மூன்று பேருக்கும் ஒரே எண்ணைத்தான் குத்தும். விசாரணை என்று வந்தால் பெரியவர் சொல்வார், "நான் பாஸ்வேர்டைக் குடுத்தது உண்மை, செஞ்சது நான் இல்ல." மாட்டுவது காண்ட்ராக்டில் வந்த டேட்டா என்ட்ரி பெண்.

இரண்டாவது அநியாயம், வந்த மேனிக்கே விட்டுவைப்பது. ஆடிட் நிரலை நிறுவியபடியே விட்டால், பதிவுக் கோப்பு ஒன்றுக்கு 8 எம்பி, மொத்தம் 5 கோப்பு. நிறைந்ததும் பழையதன்மேல் புதியது ஏறும். அதாவது 40 எம்பி ஞாபகசக்தி; கல்யாண வீடியோவில் ஒரு தாலி கட்டும் காட்சிகூட அதில் அடங்காது. பரபரப்பான சர்வரில் விதிகளைக் கூட்டிவைத்தால் அது ஒரு நாளுக்குக்கூடத் தாங்காமல் போகலாம். சட்டம் என்ன சொல்கிறது? செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி எல்லா லாக்குகளையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். தாளில் 180 நாள், வட்டில் 40 எம்பி. வட்டில் இடமே தீர்ந்துபோனால் என்ன ஆகும் தெரியுமா? வந்த அமைப்பிலேயே விட்டிருந்தால் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். சர்வர் பாட்டுக்கு வேலை பார்க்கும். கணக்கப்பிள்ளை நோட்டு தீர்ந்துபோச்சு என்று பேனாவை மூடிவிட்டார். கடை மட்டும் திறந்திருக்கிறது.

இதே இடத்தில் மாற்று உண்டு. பதிவு செய்ய முடியாவிட்டால் மெஷினையே நிறுத்து என்றும் கெர்னலுக்குக் கட்டளையிடலாம். மௌனமாக இரு, ஒரு எச்சரிக்கை எழுதிவை, எல்லாவற்றையும் நிறுத்து என்று மூன்று நிலை. எல்லா சர்வரையும் நிறுத்தச் சொல்லும் மடத்தனம் எனக்கு இல்லை. ஆஸ்பத்திரி சர்வர் நின்றால் உயிர் போகும். ஆனால் எந்த நிலை என்பதை யார் முடிவு செய்தார்கள்? பெரும்பாலும் யாரும் முடிவு செய்யவில்லை. வந்தபடி இருக்கிறது. அலட்சியம் எடுத்த முடிவு அது.

மூன்றாவது அநியாயம்தான் பெரியது. பதிவை யாரைப் பற்றிய பதிவோ அவர் வீட்டிலேயே வைப்பது. ஆடிட் பதிவுகள் அதே சர்வரின் வட்டிலேயே கிடந்தால், ரூட்டாக இருப்பவர் அந்தக் கோப்பைத் திறந்து வேண்டாத வரியை எடுத்துவிடலாம். விதியைப் பூட்டலாம், வட்டில் கிடக்கும் கோப்பைப் பூட்டியவரே திறக்கலாம். அதனால்தான் பதிவு விழுந்த அந்த நொடியே வேறொரு மெஷினுக்கு, வேறொருவர் பொறுப்பில் இருக்கும் மெஷினுக்கு, அனுப்பிவிட வேண்டும் என்று இத்துறையில் எல்லாரும் சொல்கிறார்கள். சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

வெளியே இருக்கும் பதிவின் மதிப்பு என்ன என்று தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கிய கதை தெரிந்ததே. 2014-இல் அவர் திரும்பி வந்தார். எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராய்ப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. திருடர்கள் கோயிலுக்குள் நுழைய முடிந்தது, பொய் ஆவணம் தயாரிக்க முடிந்தது. புதுச்சேரி அலமாரியில் இருந்த புகைப்படத்தை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆதாரமும் கோயில் பீரோவுக்குள்ளேயே இருந்திருந்தால் நடராஜர் இன்னும் கான்பெராவில்தான் ஆடிக்கொண்டிருப்பார்.

பதிவு ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தது. நிலையத்தின் முதல் அறிக்கை, அப்படி ஒரு தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஆமாம், நிர்வாக வலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் இருந்தது என்று ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் அதைத் தெரிவித்த தேதி செப்டம்பர் 4. உலை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி என்றார்கள், இருக்கலாம். ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மாதம் நமக்குத் தெரியாது. வெளியே ஒருவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த முதல் அறிக்கைதான் வரலாறாக நின்றிருக்கும். பதிவு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நடந்தது என்றாகிவிடுகிறது.

"லாக் என்பதே வேவுதானே? அரசாங்கத்தை இன்னும் எழுதச் சொல்கிறாயா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நல்ல கேள்வி. ரேஷன் கடையில் கைநாட்டு, டோல்கேட்டில் கேமரா, போனுக்குள் ஆதார் என்று வாழ்கிறவர்கள் இதைக் கேட்காவிட்டால்தான் தப்பு. ஆனால் பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். கீழே இருப்பவன் செய்வதெல்லாம் எழுதப்படுகிறது, மேலே இருப்பவன் செய்வது எழுதப்படுவதில்லை. கெர்னல் ஆடிட் என்னும் கருவியைத் திருப்பிப் பிடித்தால் அது ரூட்டை நோக்கும். அதை வேவு என்று ஒதுக்கிவிட்டு நாம் போனால், அதிகாரிக்குத்தான் லாபம்.

காஞ்சிபுரத்து நெசவாளிக்குத் தணிக்கை என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டையும் சரிகையையும் எடைபோட்டுத்தான் தருகிறார்கள். நெய்த சேலையைக் கொண்டுபோனால் மறுபடி தராசு. எடை குறைந்தால் கேள்வி, அழுக்குப்பட்டால் பிடித்தம். கிராம் கணக்கில் அவரைத் தணிக்கை செய்கிறோம். அதே நெசவாளியின் கூலிக்கணக்கு கம்ப்யூட்டருக்குப் போனபின், பாக்கி பூஜ்யம் என்று திரை காட்டினால், அந்தப் பூஜ்யத்தைப் போட்டது யார் என்று கேட்க அவரிடம் என்ன இருக்கிறது? அந்தக் காலத்து நோட்டில் அடித்து எழுதினால் அடித்தது தெரியும், மை வேறாக இருக்கும். டேட்டாபேஸில் அடித்த தடம் தானாக இருக்காது. யாராவது வைத்தால்தான் உண்டு. அவருக்கு இருக்கும் தராசு சர்வர் அறைக்கு ஏன் இல்லை?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் பிரிட்டன் அஞ்சல் துறையைப் பார்க்கட்டும். ஹொரைசன் என்ற மென்பொருள், கிளை அஞ்சலகங்களில் பணம் குறைவதாகக் காட்டியது. 1999 முதல் 2015 வரை, அந்தக் கணக்கை நம்பி 900-க்கும் மேற்பட்டோரைக் குற்றவாளி ஆக்கினார்கள். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். உங்கள் கிளைக் கணக்கை உங்களைத் தவிர யாரும் தொட முடியாது என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். பொய். மென்பொருள் நிறுவனத்தின் ஆட்கள் தூரத்திலிருந்தே கிளைக் கணக்கில் வரவு செலவைச் செருக முடிந்தது. அது கிளைக்காரரே செய்தது போலப் பதிவாகவும் முடிந்தது. 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் இதைத் தீர்ப்பாகவே எழுதியது. 2024-இல் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அதற்குள் வீடு போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. அங்கே கீழே இருப்பவரின் ஒவ்வொரு பைசாவுக்கும் பதிவு இருந்தது. மேலே இருப்பவர் நீட்டிய கைக்கு ஒழுங்கான பதிவு இல்லை.

நியாயமான மறுப்புகளும் இருக்கின்றன. ஒவ்வொரு சிஸ்டம் காலையும் எழுதினால் சர்வர் மந்தமாகும்: உண்மை. அதனால்தான் விதி எழுதுவது ஒரு கலை. பாஸ்வேர்ட் கோப்பைத் தொட்டது, ரூட்டாக மாறியது, டேட்டாபேஸ் கோப்பை நேராகத் திறந்தது, கடிகாரத்தை மாற்றியது, ஆடிட் விதியையே தொட முயன்றது ஆகியவற்றை எழுதினால் போதும். பயனர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்யும் வசதியும் உண்டு. அதில் பாஸ்வேர்டே விழலாம், அந்தரங்கமும் விழலாம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்குவது தணிக்கை ஆகாது, வக்கிரம். இன்னொரு மறுப்பு, கெர்னல் ஆடிட்டும் முழுக்கவசம் இல்லை என்பது. அதுவும் உண்மை. வேகத்துக்காக 2019-இல் ஐஓ யூரிங் என்று லினக்ஸில் ஒரு புது வாசலைத் திறந்தார்கள். அந்த வழியாகப் போன கோரிக்கைகளை ஆடிட் பார்க்கும் ஏற்பாடு 2022 ஜனவரியில் வெளியான பதிப்பில்தான் வந்தது. இரண்டரை வருஷத்துக்கு மேல் புது வாசலில் கணக்கப்பிள்ளை இல்லை. ஆனால் அந்த ஓட்டையை நாம் அறிந்ததும் அது அடைபட்டதும், அந்தக் கெர்னலின் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடப்பதால்தான். நம் அலுவலக சர்வர்களுக்கு அந்த வெளிச்சமும் கிடையாது.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. பொதுப்பணத்தையும் பொதுமக்கள் கணக்கையும் தொடும் எந்த சர்வரிலும் ஆளுக்கொரு பெயர் இருக்கட்டும். பொது அட்மின் ஒழியட்டும். ரூட் செய்வது எழுதப்படட்டும், விதி பூட்டப்படட்டும். பதிவு உடனுக்குடன் வேறொரு துறையின் மெஷினுக்குப் போகட்டும். பதிவு நின்றால், நின்றது என்பதே ஒரு சம்பவமாக எழுதப்படட்டும். கடைசியாக, என் கணக்கில் யார் கைவைத்தார், எப்போது வைத்தார் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கட்டும். ஐந்தாவதுதான் யாருக்கும் பிடிக்காது. முதல் நான்கும் செய்துவிட்டுப் பதிவை அதிகாரிகளே வைத்துக்கொண்டால், கல்வெட்டைக் கிடங்கில் பூட்டி வைத்தது போல. உத்திரமேரூர்க்காரர்கள் மண்டபச் சுவரில் எழுதினார்கள். நடந்துபோகிறவன் கண்ணில் பட வேண்டும் என்றுதான்.

இனி யாராவது மேடையேறிக் குடவோலை என்று ஆரம்பித்தால் கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, உங்க ஆபீஸ் சர்வர்ல ரூட் யாரு? அவரு நேத்து என்ன செஞ்சாருன்னு எழுதின நோட்டு யார்கிட்ட இருக்கு?" பதில் தெரியாவிட்டால் அவரை உட்காரச் சொல்லலாம். நோட்டும் அவரிடமே இருக்கிறது என்று சொன்னால், அவரையும் அவர் மச்சினனையும் சேர்த்து உட்காரச் சொல்லலாம்.